மல்லித் தோட்டத்தைவிட்டு அவள் வெளியே வரவில்லை

கருப்பையை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன், வருஷம் தவறாமல் அந்தப் பாடம் வரும். சாக்பீஸை எடுத்தால் ஒரே இழுப்பில் கருப்பை, ரெண்டு பக்கமும் குழாய், உள்ளே உட்படலம், எல்லாம் கரும்பலகையில் வந்துவிடும். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். சிரிச்சது போதும், படத்தைப் போடுங்க என்று அதட்டுவேன். அம்புட்டும் தெரிந்த எனக்கு, கூடப்பிறந்தவள் ரத்தமாகக் கொட்டிக்கொண்டு கிடந்தபோது ஒரு மண்ணும் செய்யத் தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கச்சியைச் செம்பட்டி பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பூ விவசாயக் குடும்பம். வீட்டில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இவள், மூன்றே பேர். இவளுக்குக் கல்யாணம் கூடிவந்ததே முப்பது வயதில்தான். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓடிவிட்டது, பிள்ளை இல்லை. விசேஷ வீட்டுக்குப் போனால் இவள் சமையல்கட்டிலேயே நின்றுகொள்வாள். முன்னால் வந்தால் யாராவது ஒருத்தி, என்ன, இன்னும் ஒண்ணும் இல்லையா என்று வாயைத் திறப்பாள் என்று பயம். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதன்மேலும் ஆசை கிடையாது. ஒரு பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் இந்த உதிரப்போக்கு ஆரம்பித்தது. முதலில் ஒரு வாரம் நிற்கமாட்டேனென்கிறது என்றாள். அப்புறம் அது பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. அப்புறம் போன மாதத்தது எப்போது முடிந்தது, இந்த மாதத்தது எப்போது தொடங்கியது என்று அவளுக்கே பிடிபடவில்லை. கட்டி கட்டியாகப் போகுது அக்கா என்று போனில் மெதுவாகச் சொல்வாள். நாப்கின் தாங்காமல் பழைய சேலையை மடித்து அதற்குமேல் வைத்துக்கொள்வாளாம். ராத்திரி எழுந்து பாயைக் கழுவிப் போடுவாளாம்.

மற்ற ஊர்ப் பொம்பளைகளாவது இதை மூடி மறைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் அதற்கும் வழி கிடையாது. வீட்டுக்குத் தூரமானவள் மல்லித் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே பழக்கம். பூ சாமிக்குப் போகிறது, தீட்டுப்பட்டால் மொட்டு சிவந்துபோகும், செடி கருகும் என்பார்கள். விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பொம்பளைகள் வரிசையாகத் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். அதில் ஒருத்தி இல்லையென்றால் ஏன் இல்லை என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை, எல்லாருக்கும் தெரியும். என் தங்கச்சி மாதத்தில் பாதி நாள் இல்லை. சீசன் நேரத்தில் ஆள் கிடைக்காமல் அல்லாடும்போது வீட்டு மருமகள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஊர் பேசாமல் இருக்குமா? என் தங்கச்சி கருப்பையின் நிலவரம் அந்த ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அத்துப்படி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அவள் மாமியாரிடம் ஒரு பாடமே எடுத்துவிட்டேன். மொட்டு சிவக்கிறது பூச்சியால், ரத்தத்துக்கும் செடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ரத்தத்தை உரமாகவே போடுகிறார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். அந்த அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே முழுசையும் கேட்டார்கள். கோபமே இல்லை.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா அது செடிக்குத் தெரியாதுல்ல?" என்றார்கள்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மருமகளுக்குத் தினமும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள், இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், வாரத்தில் ரெண்டு நாள் நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுக்காட்டுவார்கள். உடம்புச்சூடுதான் இப்படி இறங்குகிறது, குளிரவைத்தால் நின்றுவிடும் என்று முழுசாக நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைதான் குடியைக் கெடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். இவள் பயந்துபோய் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள், ஐயையோ, சூட்டில் குடல் வெந்துபோச்சு, இந்த மாத்திரைதான் இம்புட்டுச் சூட்டையும் கிளப்புது என்று மொத்த அட்டைகளையும் குப்பைக்குழியில் போட்டுவிட்டார்கள். ரத்தம் போகிறவளுக்கு ரத்தம் ஊறுகிற மாத்திரையை நிறுத்திவிட்டு இளநீர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியவந்தபோது அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. மாடியேற முடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நல்லது நினைத்துச் செய்தவர்களை எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உட்படலத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை. தைராய்டு இல்லை. என் தங்கச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது, அப்ப நல்லதுதானக்கா என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டி என்றால் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஒன்றும் இல்லாததை எங்கே போய் வெட்டுவது?

டாக்டர் பொறுமையான மனுஷி. நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். அந்த உட்படலம் மாதாமாதம் உதிர்கிறது, புண்ணாகிறது, தழும்பே இல்லாமல் ஆறி மறுபடி வளர்கிறது. உடம்பில் வேறெங்கும் இப்படி ஒரு வேலை நடப்பதில்லை. அது வளரப் புது ரத்தக்குழாய்கள் வேண்டும். குழாயை வளரச் சொல்லிக் கட்டளை போடுகிற காரணிகள் அந்தப் படலத்திலேயே சுரக்கின்றன. போதும், இனி சுவரைக் கெட்டிப்படுத்து என்று சொல்வதற்கு வேறு சில காரணிகள் இருக்கின்றன. சில பேருக்கு இந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. குழாய்கள் சவலைப்பிள்ளை மாதிரி மெலிந்து வளர்கின்றன, உதிரும் நேரத்தில் இறுகி மூடிக்கொள்ளத் தெரியாமல் திறந்தே கிடக்கின்றன. இவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னார்கள். சில மாதம் முட்டையும் சரியாக வெளியே வருவதில்லை, அந்த மாதங்களில் படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும் என்றும் சொன்னார்கள்.

நான் ஆசிரியைப் புத்தியோடு, அந்தக் காரணிகளை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அளக்கிறார்கள், நம்மால் இங்கே முடியாது என்றார்கள். அதை மட்டும் அடக்குகிற மாத்திரை உண்டா என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"இவங்களுக்குக் குடுக்கிற மாதிரி இன்னும் வரல டீச்சர். வந்தாலும் யோசிக்கணும். ஒரு குழந்தை வந்து ஒட்டி வளர்றதுக்கும் அதே ரத்தக்குழாய்தான் வேணும்."

இதுதான் அவளுக்கு வந்த வினை. ஹார்மோன் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் போக்கு குறையும், சாப்பிடுகிற காலம் கரு நிற்காது. கருப்பைக்குள் ஹார்மோன் சுரக்கிற 'காயில்' என்று காப்பர்-டி மாதிரி ஒரு சின்னக் கருவி வைத்தால் படலம் வளராமல் மெலிந்துவிடும், ரத்தமும் நின்றுவிடும், ஆனால் அது உள்ளே இருக்கிற வருஷமெல்லாம் பிள்ளை கிடையாது. கருப்பையையே எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எந்தக் கதவைத் திறந்தாலும் அவள் பிள்ளை வெளியேதான் நின்றது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: போகிற நாட்களில் மட்டும் ரத்தம் உறையவைக்கும் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து ஊசி. ஓரளவுக்குத்தான் தாங்கும் என்று டாக்டர் எச்சரித்தார்கள். தங்கச்சி அது போதும் என்று எழுந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ இருந்தால்தானடி பிள்ளை என்றேன். அவள் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்து வந்த மாதங்களும் இழுபறியாகத்தான் போயின. போன் அடித்தாலே, இன்றைக்கு எப்படியோ என்றுதான் எடுப்பேன். ஒரு மாதம் பரவாயில்லை என்பாள். அடுத்த மாதம் மயங்கி விழுந்து ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். மாப்பிள்ளை நல்ல மனுஷன், பேச்சுத்தான் வராது. என்னைப் பார்த்தால், என்ன செய்யலாம் மதினி என்பார். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

சித்திரை மாதம், பூ கொட்டுகிற சீசன். ஒரு நாள் போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. அக்கா, இந்த மாசம் வரலை என்றாள். எனக்கு முதலில் வந்தது பயம்தான். முட்டை வராத மாதமும் தள்ளிப்போகும் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிவருகிறேன், பார்த்துவிடலாம் என்றேன். கூடவே கூடாது என்றாள். மூன்று மாதம் முடியும்முன் வெளியே மூச்சுவிடக்கூடாது, கிண்டிக்கிளறிப் பார்க்கவும் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்களாம். "பாத்தா போயிருமோன்னு பயமா இருக்குக்கா" என்றாள். டாக்டரிடமாவது போவோம் என்றேன். அதற்கும் அப்புறம் அப்புறம் என்று தள்ளினாள்.

வெளியே சொல்லக்கூடாது என்றார்களே, அந்த ஊரில் எதைச் சொல்ல வேண்டியிருந்தது? மாதத்தில் பாதி நாள் தோட்டத்துப் பக்கம் வராதவள் ஒரு நாள் விடாமல் விடிகாலையில் இறங்குகிறாள். ரெண்டாவது வாரத்திலேயே பொம்பளைகளுக்கு விளங்கிவிட்டது. ஒருத்தி வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் கிணற்றடிப் பக்கத்து வரிசையை, குனிந்து நிமிர அவ்வளவு சிரமமில்லாததை, இவளுக்கென்று விட்டுவைத்தார்கள். சாக்கைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொண்டார்கள். முந்தானையில் மாங்காயை முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கிண்டல்காரி, என்ன, ரெண்டு பேராக வந்து பறிக்கிறியா, அப்படின்னா கூலியும் ரெண்டு வாங்கு என்றாளாம். இதையெல்லாம் என்னிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதைக் கேட்டபிறகு டாக்டர், டெஸ்ட் என்று எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில், தோட்டத்தில் பாதி வரிசையில் நிற்கும்போது அவளுக்குத் தொடையில் சூடாக இறங்கியிருக்கிறது.

என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடுதான் எனக்குச் சொன்னாள். இறங்கியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழக்கப்படி அந்த நிமிஷமே வரப்பேறி வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் அவள் வரப்பேறினால் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிள்ளை போய்விட்டது என்று அவள் வாயால் சொல்லாமலே ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் வெளியே வரவில்லை. பாவாடையை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த செடிக்குப் போனாள். அதற்கடுத்த செடிக்குப் போனாள். காலை ஒட்டி வைத்துக்கொண்டு, மடி நிறைய நிறையச் சாக்கில் கொட்டிக்கொண்டு, வெயில் ஏறும்வரை பறித்திருக்கிறாள். பக்கத்து வரிசைக்காரி ஏதோ கேட்டதற்குச் சிரித்துப் பதில்கூடச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் எடைக்குப் போன பிறகுதான் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாளாம். மாமியார் தேடிக்கொண்டு வந்து பார்த்தபோது பேச்சுமூச்சு இல்லை, காலடி மண் ஊறிப்போய்க் கிடந்தது. அந்த அம்மா தீட்டையும் பார்க்கவில்லை, செடியையும் பார்க்கவில்லை. பாத்திக்குள் இறங்கி, செடிகளை முறித்துக்கொண்டு, மருமகளைத் தன் மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு கத்தியிருக்கிறார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ரெண்டு கையிலும் ஊசி ஏறியிருந்தது. உதடு வெள்ளையாக இருந்தது. என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். குத்திப் பார்த்துவிட்டு, உங்களுக்கே பத்தாதும்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை பூ மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். ரத்தத்துக்கு அவரும் இன்னும் ரெண்டு பேரும் கொடுத்தார்கள். நான் வராந்தாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனப்பாடமாக வைத்திருந்த படம், பாடம், ஒரு எழுத்தும் அங்கே உதவவில்லை.

சாயங்காலம் போக்கு கட்டுக்குள் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். யூரினிலும் பார்த்துவிட்டார்கள், ரத்தத்திலும் பார்த்துவிட்டார்கள், ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். குழந்தை இருக்கவே இல்லை. முட்டை வராத மாதம், படலம் தடித்துக்கொண்டே போய் மொத்தமாக இறங்கியிருக்கிறது. இனி இந்த விளையாட்டு வேண்டாம், இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆஸ்பத்திரிவரை வந்து சேரமாட்டாள் என்றார்கள். ஒன்று காயில் வைத்துக்கொள்ளட்டும், இல்லை கருப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். காயில் என்றால் ஐந்தாறு வருஷம் உள்ளே இருக்கும். அதற்குள் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும். பிள்ளை இல்லை என்ற சங்கதியை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வெளியே வந்தால் மாமியார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள். உண்டாகித் தங்கலை என்று அழுதார்கள். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"போனது போகட்டும் டீச்சர். ஒண்ணு உண்டாச்சுல்ல? இனி என் மருமகள ஒருத்தியும் மலடின்னு சொல்ல முடியாது."

நான் மண்டையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

தங்கச்சி விழித்திருந்தாள். அழுதிருந்த முகம், ஆனாலும் கண்ணில் ஒரு தெளிவு. என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிக் காதோடு பேசினாள். போயிருச்சு, தெரியும்க்கா என்றாள். ஆனால் என் உடம்புக்கு உண்டாகத் தெரியுதுல்ல, அடுத்த தடவை தங்கும், டாக்டரம்மாவிடம் ஒன்றும் வைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றாள். அடுத்த தடவை தோட்டத்துக்கே போகாமல் படுத்தே இருக்கிறேன் என்றாள். சாமி, இதை என் வாயாலா சொல்லவைக்கிறாய் என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை இவளைப் பிணமாகத்தான் கொண்டுவருவார்கள். சொன்னேன். உண்டாகவே இல்லைடி என்றேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

ஸ்கேனில் தெரியாமல் போயிருக்குமோ என்று கேட்டாள். இல்லை என்றேன். ரொம்பச் சின்னதாக இருந்திருக்குமோ என்றாள். அதற்கும் இல்லை என்றேன். ரத்தம் இறங்குகிற குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய?

குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"சொல்லிராதக்கா. அந்தக் காயிலையோ என்னத்தையோ வச்சுவிடச் சொல்லு, வச்சுக்கிறேன். ஆனா அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத. அதையாவது எனக்கு விட்ரு."

மறுநாள் மத்தியானம் மாமியார் தூக்குவாளியோடு வந்தார்கள். கரு இறங்கினவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட குழம்பு. தலைமாட்டில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி உருட்டி ஊட்டினார்கள். பாதியில் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, எத்தனை மாசம்னு டாக்டர் சொன்னாக என்று கேட்டார்கள்.

தங்கச்சி வாயில் சோறு இருந்தது. மெல்லாமல் என்னையே பார்த்தாள்.

"ரெண்டு மாசம் அத்தை" என்றேன்.

அவள் மென்று விழுங்கினாள்.